ஆபரேஷன் முடிந்தது, மாத்திரை எதற்கு?

பெங்களூரில் தொம்மலூர் ஒரு பழைய ஊர். அங்கே சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. இப்போது ஊரைச் சுற்றி மேம்பாலமும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வந்துவிட்டன. ஆனாலும் உள்தெருக்களில் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

அந்தத் தெரு ஒன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 68. இரவில் ஐந்து ஆறு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார். போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வெளியே சொல்ல வெட்கம். வயதானால் இப்படித்தான் என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். ஒருநாள் இரவு சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. வயிறு கல் போல் ஆனது. வலியில் துடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பிறகு ஆபரேஷன் நடந்தது. சில நாளில் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கையில் ஒரு சீட்டு, ஒரு பை நிறைய மருந்து. ஐந்தாம் நாள் பெரியவருக்குச் சிறுநீர் நன்றாகப் போனது. மருந்துப் பையைத் தள்ளி வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உடம்புல ஒரு தையல்கூட கிடையாது. இனிமே மாத்திரை எதுக்கு?” என்று மருமகளிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். பலரும் இதைக் கேட்கிறார்கள். பதில் தெரிய வேண்டுமானால் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத புண்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. இளம் வயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். சிறுநீர் வெளியே வரும் வழி இதன் நடுவே போகிறது. விரலில் மோதிரம் போட்டது போல. ஐம்பது வயதுக்கு மேல் இந்தச் சுரப்பி பலருக்குப் பெரிதாகிறது. மோதிரம் இறுகினால் என்ன ஆகும்? சிறுநீர் வழி நெருக்கப்படும். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சோதனை செய்து டாக்டர் உறுதி சொல்வார்.

ஆபரேஷனில் வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய கருவியை உள்ளே விடுகிறார்கள். தேங்காய் மூடியை உள்ளிருந்து துருவுவது போல, பெருத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கிறார்கள். சில ஆஸ்பத்திரிகளில் லேசர் ஒளியால் செய்கிறார்கள்.

ஆக, வெளியே தையல் இல்லை. ஆனால் துருவிய இடம் முழுவதும் உள்ளே பச்சைப் புண். அதன் மேல் நாள் முழுவதும் சிறுநீர் ஓடுகிறது. கையில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போடலாம், நனையாமல் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் புண்ணுக்கு அந்த வசதி இல்லை. இது நன்றாக ஆற சுமார் ஆறு வாரம் ஆகும். அதுவரை புண்ணில் கிருமி சேரலாம். மறுபடி ரத்தம் கசியலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்துகள் இவற்றைத் தடுக்கத்தான். நோய் போன பிறகும் மருந்து தருவதன் காரணம் இதுதான்.

கிருமியைக் கொல்லும் மாத்திரை

ஆன்டிபயாட்டிக் என்பது கிருமியைக் கொல்லும் மருந்து. ஆபரேஷனுக்கு முன்பே இதன் வேலை தொடங்கிவிடுகிறது. முதலில் சிறுநீரை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது சாகிறது என்றும் பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ‘சும்மா இழுத்தடிக்கிறார்கள்’ என்று கோபப்படக் கூடாது. குறி தெரியாமல் கல் எறிவதைவிடக் குறி பார்த்து எறிவது நல்லது அல்லவா?

ஆபரேஷன் தொடங்கும் முன், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார்கள். கருவி உள்ளே போகும்போது ரத்தத்தில் மருந்து தயாராக இருக்க வேண்டும். பலருக்கு இந்த ஊசியே போதும். அல்லது ஒருநாள் மருந்து போதும். சிறுநீரில் முன்பே கிருமி இருந்தவர்களுக்கு இன்னும் சில நாள் தர வேண்டி வரும். பல நாள் குழாயோடு இருந்தவர்களுக்கும் அப்படி வேண்டி வரலாம். எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு 7 நாள், எனக்கு மட்டும் 3 நாளா என்று சண்டை போட வேண்டாம். மாத்திரை அதிகம் என்றால் வைத்தியம் உசத்தி என்று அர்த்தம் இல்லை.

பெரியவருக்கு 5 நாள் எழுதியிருந்தார்கள். அவர் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். மருமகள் சீட்டைப் பார்த்தாள். “மாமா, 5 நாள்னு போட்டிருக்கு. அட்டையில இன்னும் 4 மாத்திரை அப்படியே இருக்கே” என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, என்ன செய்வது என்று கேட்டாள். மீதியையும் முடிக்கச் சொன்னார்கள்.

பாதியில் நிறுத்தினால் என்ன? கிருமி முழுதாக அடங்காமல் போகலாம். காய்ச்சல் திரும்ப வரலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகலாம். அடுத்த முறை அதே மருந்து கேட்காது. பென்சிலின் மருந்தை 1928-ல் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். 1945-ல் நோபல் பரிசு வாங்கியபோதே அவர் இந்த எச்சரிக்கையைச் சொல்லிவிட்டார். குறைந்த அளவில் மருந்து சாப்பிட்டால் கிருமிக்கு மருந்து பழகிவிடும் என்றார். அவர் பயந்தது நடந்துவிட்டது. இன்று நம் நாட்டில் சிறுநீரில் வளரும் கிருமிகளில் பல, சாதாரண மாத்திரைகளுக்கு அடங்குவதில்லை.

தேவை இல்லாமல் அதிக நாள் சாப்பிடுவதும் இதே கெடுதலைச் செய்யும். மெடிக்கல் ஷாப்பில் போய், ‘போன தடவை கொடுத்த அதே மாத்திரை இன்னொரு அட்டை கொடுங்க’ என்று வாங்குவது தவறு. மாத்திரை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. இதைப் பற்றி மக்களுக்குச் சொல்ல 2016-ல் இந்திய அரசு ஓர் இயக்கமே நடத்தியது. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும் அடையாளம் இது. 2014 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. சில வலுவான ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விற்றால், கடைக்காரர் அந்த விவரத்தைத் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

மலமிளக்கியும் ஒரு காவல்தான்

பையில் ஒரு சிரப் பாட்டில் இருந்தது. அல்லது இசப்கோல் பொடியாக இருக்கும். குஜராத்தில் விளையும் ஒரு விதையின் உமி இது. தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று ஊறும். இதைப் பார்த்ததும் பெரியவர் சிரித்தார். “எனக்கென்ன மலச்சிக்கலா?” என்றார்.

இதை அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் மலம் இறுகி முக்கினால், அந்த அழுத்தம் நேராகப் பச்சைப் புண்ணில் விழுகிறது. ஆறிவரும் பக்கு பெயர்ந்துவிடும். ரத்தம் கொட்டும். ஆபரேஷன் முடிந்து பத்து நாள், இரண்டு வாரம் ஆனபோது சிலருக்குத் திடீரென்று சிறுநீர் சிவக்கும். பக்கு தானாக உதிரும் காலம் அது. இளஞ்சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் கூடக் குடித்து ஓய்வாக இருந்தால் தெளிந்துவிடும். நாளைக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் பொதுவாக நல்லது. இதய நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். இந்த வாரங்களில் தண்ணீர்க் குடம் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது, ஸ்கூட்டர் ஓட்டுவது வேண்டாம்.

வலி மாத்திரையும் கழுகும்

வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை போதும். பெரும்பாலும் பாராசிட்டமால் தருவார்கள். அது போதாது என்று கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடுகிறார்கள். இவை வலியை நன்றாகக் குறைக்கும், உண்மைதான். ஆனால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். வயதானவர், சர்க்கரை நோயாளி, பல நாள் சிறுநீர் அடைத்து இருந்தவர் ஆகியோரின் சிறுநீரகம் முன்பே களைத்திருக்கும். அதன் மேல் இந்தச் சுமையும் ஏறக் கூடாது. டாக்டரே பார்த்து எழுதினால் அது வேறு விஷயம்.

டைக்ளோஃபெனாக்குக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. முன்பு நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் லட்சக்கணக்கில் இருந்தன. 1990-களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் யாருக்கும் புரியவில்லை. 2004-ல் உண்மை தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்காக டைக்ளோஃபெனாக் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டது. அதனால்தான் அவை செத்தன. 2006-ல் மாடுகளுக்கு இந்த மருந்து கொடுப்பதை அரசு தடுத்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்தில் ராமதேவர பெட்டா என்ற மலை இருக்கிறது. மிச்சம் இருந்த கழுகுகளுக்காக 2012-ல் அந்த மலை சரணாலயம் ஆனது. மனிதன் கழுகு அல்ல. நம் உடல் இந்த மருந்தை ஓரளவு தாங்கும். ஆனாலும் மிட்டாய் போல வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல இது.

நிறுத்திய மாத்திரையை மறக்கலாமா?

இனி வருவதுதான் முக்கியமான விஷயம். இந்தப் பெரியவருக்கு நான்கு வருடத்துக்கு முன் இதய அடைப்பு வந்தது. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அன்று முதல் தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தார். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும். நம் ரத்தத்தில் தட்டணுக்கள் என்று இருக்கின்றன. காயம் பட்டால் இவை ஒன்றோடு ஒன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். ஆஸ்பிரின் இந்த ஒட்டும் குணத்தை எடுத்துவிடும். தட்டணுவின் ஆயுள் சுமார் 7 முதல் 10 நாள். அதனால் மாத்திரையை இன்று நிறுத்தினால் நாளையே ரத்தம் பழையபடி உறையாது. புதிய தட்டணுக்கள் வர வேண்டும். எனவே சிலருக்கு ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்கு நிறுத்தவே கூடாது என்பார்கள். இதய டாக்டரும் ஆபரேஷன் டாக்டரும் கலந்து முடிவு செய்வது இது. நோயாளி தாமாக முடிவு செய்வது அல்ல.

பெரியவரை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். சீட்டின் கடைசி வரியில், ‘ஆஸ்பிரின் எப்போது தொடங்குவது என்று மறுபரிசோதனை நாளில் சொல்லப்படும்’ என்று இருந்தது. ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறதே, ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போக வேண்டும் என்று அவர் இருந்துவிட்டார்.

இதில் இரண்டு பக்கமும் பள்ளம். சீக்கிரம் தொடங்கினால் உள்ளே இருக்கும் புண்ணில் ரத்தம் கொட்டும். தொடங்காமலே விட்டால் ஸ்டென்டில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். பக்கவாதமும் வரலாம். சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

அந்த வீட்டில் காலண்டரில் தேதி குறித்து வைத்தது மருமகள்தான். “மாமா, ரிவ்யூ தேதி நேத்தே போயிருச்சு. நாளைக்குக் காலைல போயிட்டு வந்துரலாம், நான் கூட வர்றேன்” என்றாள். பெரியவர் முணுமுணுத்தார். ஆனாலும் போனார். டாக்டர் சிறுநீரைச் சோதித்தார். மறுநாளே ஆஸ்பிரினைத் தொடங்கச் சொன்னார்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளையும் இப்படித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எதை நிறுத்தினார்கள்? எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது? இந்த இரண்டையும் கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

சீட்டைப் படிப்பது எப்படி?

பெங்களூரில் ஒரு சங்கடம் உண்டு. நோயாளி பேசுவது தமிழ். நர்ஸ் பேசுவது கன்னடம் அல்லது மலையாளம். சீட்டு இருப்பது ஆங்கிலத்தில். விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரக நோய்களுக்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. சிவாஜி நகரில் பவுரிங் ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போனாலும் இந்தச் சங்கடம் கூட வரும். ஆனால் சீட்டில் எண்களும் இருக்கின்றன. எண்ணுக்கு மொழி இல்லை.

1-0-1 என்று போட்டிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. 0-0-1 என்றால் இரவில் மட்டும். பக்கத்தில் இருக்கும் எண் எத்தனை நாள் என்பதைச் சொல்லும். சில டாக்டர்கள் எண் போடாமல் ஆங்கில எழுத்துப் போடுவார்கள். ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை. பி.டி. என்றால் இரண்டு வேளை. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். வலி மாத்திரைக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசிக் குறிதான் இருக்கும். வலி இல்லாத நாளில் அதைச் சாப்பிட வேண்டியதில்லை.

புரியவில்லை என்றால் மருந்து கொடுக்கிற இடத்திலேயே கேளுங்கள். ஒவ்வொரு அட்டையின் மேலும் பேனாவால் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ‘கிருமிக்கு, 5 நாள்’, ‘மலம் இளக, இரவு’ என்று இரண்டு வார்த்தை போதும்.

அதே தெருவில் ஓர் அம்மாள்

இது ஆண்களின் விஷயம் மட்டும் அல்ல. சிறுநீரகக் கல்லுக்காக ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களும் நிறைய இருக்கிறார்கள். கல்லை உடைத்து எடுத்த பிறகு, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே மெல்லிய குழாய் வைப்பது உண்டு. டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். இது உள்ளே இருக்கும்போது இடுப்பில் வலிக்கும். அடிக்கடி சிறுநீர் வரும். இதைக் குறைக்க டாம்சுலோசின் என்ற மாத்திரை தருவார்கள். ஓர் அம்மாளிடம், ‘இது ஆம்பளைங்க புராஸ்டேட்டுக்குச் சாப்பிடுற மாத்திரை ஆச்சே, உங்களுக்கு எதுக்கு?’ என்று யாரோ சொன்னார்கள். அவர் பயந்து நிறுத்திவிட்டார். மாத்திரை அதே மாத்திரைதான். ஆனால் அது சிறுநீர் வழியில் உள்ள தசையைத் தளர்த்துகிறது. அந்தத் தசை பெண்களுக்கும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் எந்த மாத்திரையாலும் செய்ய முடியாது. அந்தக் குழாயைக் கரைக்க முடியாது. சொன்ன தேதியில் போய் அதை எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் மறந்துவிட்டால் குழாயின் மேலேயே கல் படியும். சிறுநீரகமே கெட்டுப்போகலாம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வழியில் சேர்ந்த கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அப்படியானால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ரத்தக் கட்டிகள் வந்தாலும், சிறுநீர் நின்றுபோனாலும், நெஞ்சு வலித்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். சீட்டையும் மருந்துப் பையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

டாம்சுலோசின் பற்றி இன்னும் இரண்டு செய்தி உண்டு. இது சிலருக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இரவில் எழுந்ததும் தலை சுற்றி, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் கட்டிலில் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழ வேண்டும்.

இன்னொன்று கண்ணைப் பற்றியது. இந்த மாத்திரை கண்ணின் கருவிழித் திரையையும் தளர்த்திவிடும். அதனால் கண்புரை ஆபரேஷன் கடினமாகலாம். மாத்திரையை நிறுத்திப் பல நாள் ஆனாலும் இப்படி நடக்கலாம். இது 2005-ல்தான் மருத்துவ உலகுக்குத் தெரிய வந்தது. முன்கூட்டியே தெரிந்தால் கண் டாக்டர் அதற்கு ஏற்ற ஏற்பாட்டோடு ஆபரேஷன் செய்வார். எனவே கண் முகாமுக்குப் போகும் பெரியவர்கள் இந்த மாத்திரை சாப்பிட்டதை அங்கே சொல்ல வேண்டும். சிறுநீர் ஆபரேஷன் சீட்டையும் காட்ட வேண்டும். தொம்மலூர்ப் பெரியவரின் சீட்டை மருமகள் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.